கடைசி அத்தியாயம் போன இடம்

எனக்கு வாய் நீளம், கோபம் அதை விட நீளம். இதை நானா சொல்லிக்கலை. தருமபுரியில என்னை வேலைக்கு எடுத்த ஹெட்மாஸ்டர் அர்ச்சுனன் சார் மொத நாளே சொன்னது. சேலம் கான்வெண்ட் சிஸ்டர் எனக்கு எழுதிக் கொடுத்த சர்டிபிகேட்டைக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படிச்சுட்டு, கெட்டிக்காரின்னு போட்டிருக்கு, பொறுமைசாலின்னு எங்கயும் போடலையேன்னார். பொறுமையைப் பார்த்து ஆள் எடுக்கறதுன்னா வேற ஆளைப் பாருங்க சார்னேன். அவருக்கு வேற ஆள் கிடையாது. சண்டை நடந்துக்கிட்டிருந்த காலம். முன்னாடி இருந்த இங்கிலீஷ் வாத்தியார் பட்டாளத்துல சேர்ந்துட்டார். பட்டம் வாங்கின ஆம்பளை ஒருத்தனும் இந்தப் பக்கம் வரலை. அதனால நாப்பத்தி மூணுல, பசங்க படிக்கிற ஹைஸ்கூலுக்கு, கோவிலூர் சகாயமேரி இங்கிலீஷ் டீச்சரா வந்து சேர்ந்தேன். பிறந்தது பக்கத்துலதான்னாலும் வளர்ந்தது பூரா சேலத்துல போர்டிங், அப்புறம் மெட்ராஸ். ஊர் நடப்பு எனக்குப் பாதி தெரியாது.

ஆறாவது பாரத்துக்கு, அதான் எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல அங்க வகுப்பு இல்லை. அதுல காலேஜுக்குப் போகணும்னு ஆசைப்படற பசங்களுக்குக் கடைசி பீரியடுல தனியா ஒரு உயர்தர இங்கிலீஷ் வகுப்பு. அதுதான் என் தலையில விழுந்துச்சு. மீசை முளைச்ச பயலுவ. மாரண்டஹள்ளி மாது அதுல ஒருத்தன். அவங்கப்பன் கத்திரிக்காயும் தக்காளியும் கூடை கூடையா ஓசூருக்கு ஏத்தறவர். பேச்சுன்னா இவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அவனுக்கு நேர் எதிர் காளியன். வத்தல்மலையில இருந்து ஆறாவது பாரம் வரைக்கும் ஏறி வந்த மொத ஆள். தினம் மலை ஏறி இறங்க முடியாதுன்னு ஸ்கூல்லயே ஒரு சாமான் அறையில தங்கி, களி கிண்டித் தின்னுட்டுப் படிச்சான். சாயங்காலம் எல்லா அறையையும் சாத்தறது அவன் வேலை. கேட்டாத்தான் பேசுவான், கேட்டாலும் ஒரு வாட்டி யோசிச்சுட்டுத்தான் பேசுவான்.

அந்த வகுப்புக்கு வெச்சிருந்த பாடப்புஸ்தகத்துல ஒரு துப்பறியும் கதையில இருந்து வெட்டி எடுத்த துண்டு ஒண்ணு இருந்துச்சு. இங்கிலாந்துல ஆத்தங்கரையில ஒரு மாளிகை. அதுல ஒரு பணக்காரக் கிழவி. ராத்திரி கழட்டி வெச்ச முத்து மாலை காலையில இல்லை. வீட்டுக்குள்ள இருந்தது நாலு பேர்: கிழவியோட அண்ணன், அவர் ரிடையரான ஜட்ஜ்; சீட்டாடிக் கெட்டுப்போன மருமகப்பிள்ளை; கிழவிக்கு மருந்து கொடுக்கிற நர்ஸம்மா; குதிரை லாயத்துல வேலை பார்க்கிற டாம்னு ஒரு பையன். துப்பறிகிறவர் வந்து எல்லாரையும் கூடத்துல உக்கார வெச்சுக் கதவைச் சாத்திட்டு, 'திருடியவர் இந்த அறைக்குள்தான் இருக்கிறார்' அப்படிங்கறார். அதோட பாடம் முடிஞ்சுது. அதுக்குக் கீழ, பின்வரும் சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுகன்னு இருந்துச்சு. அந்தப் பாடப்புஸ்தகத்தைத் தொகுத்தவன் மட்டும் என் கையில கிடைச்சிருந்தா!

பசங்க கொதிச்சுப் போயிட்டானுங்க. இலக்கணக் கேள்வி கேட்டா வாயைத் திறக்காதவனுங்க எல்லாம் கேள்வியா கேட்டுத் தள்ளினானுங்க. அவ்வளவு பெரிய வூட்டுல அந்தம்மா ஒத்தையிலயா படுக்கும்னு மாது கேட்டான். கழுத்துல கிடக்கிற நகையை எந்தப் பொம்பளையாவது கழட்டி மேசை மேல வெச்சுட்டுத் தூங்குவாளான்னு இன்னொருத்தன் கேட்டான். பனியில காலடி பதிஞ்சிருந்துச்சுன்னு ஒரு வரி. மார்கழிப் பனியில எப்படிங்க டீச்சர் காலடி பதியும்னு ஒரே ரகளை. கொட்டி வெச்ச கோலமாவு மேல நடந்த மாதிரிடான்னு சொல்லிப் புரிய வெச்சேன். அப்படின்னா வந்தவன் போனவன் எல்லாம் தெரியுமே, அப்புறம் எதுக்குங்க துப்பறிகிறவர்னு கேட்டானுங்க. உண்மையைச் சொன்னா எனக்கே தலை வெடிச்சிடும் போல இருந்துச்சு, யார்தான் எடுத்தாங்கன்னு.

சேலம் சிஸ்டருக்கு எழுதிப் போட்டேன். கான்வெண்ட் அலமாரியில முழுக் கதையும் இருந்துச்சு. பஸ் கண்டக்டர் கையில கொடுத்து அனுப்பி வெச்சாங்க. கூடவே ஒரு எச்சரிக்கை: பழைய புஸ்தகம், தையல் விட்டுப்போச்சு, ஒரு தாள் குறைஞ்சாலும் உன்னை விட மாட்டேன்னு. மாதாவே, அந்த சிஸ்டரை உங்களுக்குத் தெரியாது.

ஆரம்பத்துல இருந்து தினம் கொஞ்சம் படிச்சுக் காட்டினேன். நான் முன்கூட்டிப் படிக்கலை. படிச்சா என் மூஞ்சியே காட்டிக் கொடுத்திடும். கடைசி பீரியடுன்னா பஸ்ஸுக்கு ஓடற மாது கூட பெஞ்சுல ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். பக்கத்து அறைதான் ஹெட்மாஸ்டர் அறை. நடுவுல பலகைத் தடுப்பு, அதுவும் கூரை வரைக்கும் எட்டாது. நாங்க சிரிச்சா அந்தப் பக்கம் இருந்து பிரம்பால தட்டுவார். கிராமர் நடத்தச் சொன்னா திருட்டுக் கதை படிச்சுக்கிட்டிருக்கீங்களே மேரி டீச்சர், இது பள்ளிக்கூடமா சத்திரமான்னு கூப்பிட்டுத் திட்டவும் செஞ்சார். கொஞ்ச நாள் போனதும் தட்டறதை விட்டுட்டார். மனுஷனுக்கு அலுத்துப் போச்சாட்டம் இருக்குன்னு நினைச்சேன்.

கதையில அந்த ஜட்ஜ் இருக்காரே, அவர்தான் மொத ஆளா, லாயத்துப் பையன் டாம்தான் திருடன், போலீஸைக் கூப்பிடுங்கன்னு குதிக்கறார். டாம் பாவம், தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு அழறான். சீட்டாடற மருமகன் முழிக்கறான். நர்ஸம்மா ஒண்ணும் பேசாம பின்னல் போடறா. எல்லாம் ஒரு கட்டத்துக்கு வந்து, கடைசி அத்தியாயம்தான் பாக்கின்னு ஆனப்போ மணி அடிச்சிட்டானுங்க. பசங்க எந்திரிக்க மாட்டேன்னுட்டானுங்க. நாளைக்கு டான்னு ஆரம்பிக்கறேன்னு விரட்டிவிட்டு, புஸ்தகத்தை வகுப்பு அலமாரியில வெச்சேன். அதுக்குக் கொண்டிதான், பூட்டு கிடையாது. அப்புறம் காளியன் வழக்கம்போல வந்து அறையைச் சாத்தினான்.

மறுநாள் காலையில ஆசை தாங்காம அலமாரியைத் திறந்தேன். புஸ்தகம் இருந்துச்சு. கடைசி அத்தியாயம் இல்லை. தையல் விட்டுப்போன அந்தத் தாளுங்களை மட்டும் யாரோ உருவி எடுத்திருந்தாங்க.

வகுப்புக்கே துக்கம் விழுந்த மாதிரி ஆயிடுச்சு. நான் போய் ஹெட்மாஸ்டர் கிட்ட சொன்னேன். அவர் மூஞ்சி வெளுத்துப் போச்சு, வெளியூர்ல இரவல் வாங்கின புஸ்தகமாச்சேன்னு பதறறார்னு எடுத்துக்கிட்டேன். ப்ரேயர்ல எல்லாப் பசங்க முன்னாடியும் நின்னுக்கிட்டு, ராத்திரி இந்தக் கட்டடத்துல படுக்கிறவன் ஒருத்தன்தான், சாவி இருக்கிறதும் அவன்கிட்டதான், காளியன்தான் எடுத்திருக்கான், திருட்டுக் கையை வெச்சுக்கிட்டு என் பள்ளிக்கூடத்துல இருக்க முடியாதுன்னுட்டார். அவங்கப்பன் சந்தைக்கு மலையிறங்கி வர்ற அன்னிக்கு டி.சி. எழுதிக் கையில கொடுத்திடுவேன், நடத்தை சரியில்லைன்னு அதுல போடுவேன்னு சொன்னார். அப்படி ஒரு டி.சி.யைப் பார்த்தா வேற எந்த ஸ்கூலும் வாசல்ல கூட நிக்க விடாது. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச மாசம்தான். அத்தனை வருஷம் ஒத்தையில களி கிண்டித் தின்னது எல்லாம் மண்ணாப் போயிடும்.

காளியன், நான் எடுக்கலீங்கன்னு ஒரே ஒரு தரம் சொன்னான். அதுக்கு மேல பேசலை. எனக்கு அவன் மேலயே கோபம் வந்துச்சு. யார் மேல சந்தேகம், யார் வந்தா யார் போனா, ஏதாவது சொல்லித் தொலையேன்டான்னு தனியா கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கிட்டு நின்னான். எடுத்தவன் இவனாத்தான் இருக்குமோன்னு எனக்கே ஒரு நிமிஷம் தோணுச்சு.

சந்தைக்கு முந்தின நாள் கடைசி பீரியடு. கடைசி அத்தியாயம் இல்லாட்டி என்ன, நம்ம தலைக்குள்ள மூளை இருக்கில்லைன்னு பசங்க கிட்ட சொன்னேன். ஆளுக்கொரு முடிவு சொல்லுங்க, ஏன்னு காரணமும் சொல்லுங்கன்னேன். இங்கிலீஷ்ல ஆரம்பிச்சானுங்க, சூடு ஏறினதும் தமிழுக்கு வந்துட்டானுங்க, நானும் விட்டுட்டேன். சீட்டாடறவன்தான்னு பாதி வகுப்பு. சீட்டாடறவன் தாலியைக் கூட விடமாட்டான், மாலையை விடுவானான்னு மாது வாதாடினான். நர்ஸம்மான்னு சில பேர், அது ஏன் ஒண்ணுமே பேசாம பின்னிக்கிட்டு இருக்குதுன்னு. காளியனை நான் கேக்கலை. அவனே எந்திரிச்சான்.

"ஜட்ஜுங்க டீச்சர்."

வகுப்பு சிரிச்சுச்சு. ஜட்ஜே திருடுவாரான்னு மாது கேட்டான். காளியன் அசரலை. எங்க மலையில பொருள் காணாமப் போனா யாரும் யாரையும் பேர் சொல்ல மாட்டாங்கன்னு ஆரம்பிச்சான். ஊர் கூடி ஒரு தொட்டியில தண்ணி ரொப்பி வெப்பாங்க. வூட்டுக்கு ஒரு ஆள், ஒவ்வொருத்தரா மறைவுக்குப் போயி சாணியை உருண்டை பிடிச்சுக்கிட்டு வந்து அதுல போடணும். எடுத்தவன் பொருளை உருண்டைக்குள்ள வெச்சுப் போட்டுடுவான். எல்லாரும் போட்டதும் கலக்கி ஊத்தினா அடியில பொருள் கிடக்கும். எடுத்தது யாருன்னு யாருக்கும் தெரியாது, அதுக்கப்புறம் யாரும் கேக்கவும் கூடாது. அப்படித்தான் ஊரு ஒண்ணா இருக்க முடியும்னான்.

எங்கூர்லயும் உண்டுன்னு மாது சொன்னான். பாதிப் பசங்க தலையாட்டினானுங்க. எனக்கு இதெல்லாம் புதுசு. வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டேன்.

"உருண்டை போடறதுக்கு முன்னாலயே ஒருத்தன் இன்னொருத்தன் பேரைச் சொல்றான்னா, ஊரு கண்ணு அவன் மேலதாங்க திரும்பும். பயமில்லாதவனுக்கு என்னங்க அவசரம்? கதையில எல்லாருக்கும் முன்னாடி டாம் பேரைச் சொன்னது ஜட்ஜுதாங்களே."

அப்படிப் பேர் சொன்னவனை என்ன செய்வீங்கன்னு கேட்டேன். ஒண்ணும் செய்ய மாட்டோம், மொத உருண்டையை அவன் போடணும், அதோட சரின்னான். துப்பறிகிறவர் எல்லாரையும் கூடத்துல உக்கார வெச்சதும் உருண்டை போடத்தான்னு நான் நினைச்சுக்கிட்டேன்னு சொல்லிட்டு உக்காந்தான். ஒருத்தனும் சிரிக்கலை.

மணி அடிச்சதும் பியூன் வீரன் வந்து, உங்களை ஐயா வரச் சொன்னாருங்கன்னான். ஹெட்மாஸ்டர் மேசைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தார். தலைப்பாகை கூட கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு, அவ்வளவு வேகம்.

"கேட்டீங்களா மேரி டீச்சர்? தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே தெளிவா கேட்டுச்சு. ஜட்ஜ்தான்னு சொல்றான். கடைசி அத்தியாயத்தைப் படிக்காதவனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் வாயாலயே மாட்டிக்கிட்டான்."

காளியன்தானா அப்போன்னு கண்ணுல தண்ணியே வந்திடுச்சு. திரும்பி வாசல் வரைக்கும் வந்துட்டேன். வாசல்லதான் உறைச்சுச்சு. ஜட்ஜ்தான் திருடன்னு எனக்கே தெரியாது. நானே இன்னும் அந்த அத்தியாயத்தைப் படிக்கலை. பாடப்புஸ்தகத்துல அது கிடையாது. புஸ்தகம் சேலத்துல இருந்து நேரா என் கைக்கு வந்துச்சு.

நின்னு திரும்பினேன்.

"உங்களுக்கு எப்படிங்க சார் தெரியும்?"

மனுஷன் நாற்காலியைத் தேடி உக்காந்தார். மேசை மேல இருந்த மைக்கூட்டைத் தள்ளி வெச்சார், திருப்பி இழுத்து வெச்சார். எனக்கு எல்லாம் ஒண்ணொண்ணா விளங்குச்சு. அவர் பிரம்பால தட்டறதை ஏன் விட்டார், மூஞ்சி ஏன் வெளுத்துச்சு, ப்ரேயர்ல ஏன் அவ்வளவு அவசரம்னு.

அப்புறம் மெதுவா சொல்ல ஆரம்பிச்சார். மொதல்ல திட்டறதுக்காகத்தான் காது கொடுத்தாராம். அப்புறம் கதை பிடிச்சுக்கிச்சாம். தினம் கடைசி பீரியடுக்கு வேற வேலை வெச்சுக்காம நாற்காலியைத் தடுப்புக்கிட்ட இழுத்துப் போட்டுக்குவாராம். அன்னிக்கு மணி அடிச்சதும் இவரால தாங்க முடியலையாம். எல்லாரும் போனதுக்கப்புறம், காளியன் சாத்த வர்றதுக்குள்ள அலமாரியைத் திறந்து, கழண்டு கிடந்த தாளுங்களை மட்டும் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போய்ப் படிச்சிருக்கார். விடிஞ்சதும் வெச்சிடலாம்னுதான் இருந்தாராம்.

"நீங்க அவ்வளவு சீக்கிரமா வந்து அலமாரியைத் திறப்பீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"ன்னு என் மேலயே திருப்பினார். பாருங்களேன் நியாயத்தை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கதை கேக்க ஆசைப்பட்டது தப்பில்லை சார், எனக்கும் அதே ஆசைதான், உங்க மானத்தைக் காப்பாத்திக்க ஒரு பையன் படிப்பை வாங்கப் பார்த்தீங்களே அது தப்பு, மகா பாவம்னு நேருக்கு நேரா சொன்னேன். அவர் தலையைத் தூக்கலை. இது வெளிய தெரிஞ்சா நான் இந்த ஊர்ல நடமாட முடியாதும்மான்னார். அதுவரைக்கும் என்னை அம்மான்னு கூப்பிட்டதே இல்லை. டி.சி. எழுத மாட்டேன், தாளைக் கொண்டாந்து ஏதாவது மூலையில போட்டுடறேன், கிடைச்ச மாதிரி எடுத்துக்குங்கன்னு கெஞ்சினார்.

மூலையில கிடைச்சா என்ன சொல்லுவாங்க? காளியன் பயந்துக்கிட்டுக் கொண்டாந்து போட்டுட்டான்னுதானே சொல்லுவாங்க. ஆயுசுக்கும் அந்தப் பேர் அவன் மேல நிக்கும். வெராண்டாவுக்குப் போய் எல்லாத்தையும் கத்திடலாம்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. வேலை போனா போகட்டும்னு கூட நினைச்சேன். ஆனா காளியன் கொஞ்சம் முன்னாடி எந்திரிச்சு நின்னு சொன்னது காதுலயே இருந்துச்சு. யாரும் யாரையும் பேர் சொல்லாத வழி ஒண்ணு அவன் கையில இருக்கு. அதுல அவன் பேரும் சுத்தமாயிடும்.

"நாளைக்குக் காலையில ப்ரேயருக்கு முன்னாடி எல்லாரும் உருண்டை போடணும் சார். நானும் போடறேன். மொத உருண்டை உங்களது. பேர் சொன்னது நீங்கதானே."

ஹெட்மாஸ்டர் சாணியைத் தொடறதான்னு கேட்டார். இல்லாட்டி ப்ரேயர்ல நான் பேசறேன்னேன். நான் பேசுவேன்னு அவருக்கு நல்லாத் தெரியும்.

மாது கிட்ட சொன்னதுதான் தாமதம், கல்யாண வேலை மாதிரி எடுத்துப்போட்டுச் செஞ்சான். சந்தைக்கு வந்த வண்டி மாடுங்க போட்ட சாணியைக் கூடையில அள்ளிக்கிட்டு வந்து, கிணத்துக்குப் பின்னாடி தென்னந்தட்டி ஒண்ணைக் கட்டி, அதுக்குப் பின்னாடி குவிச்சான். மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டி ஒண்ணை எங்கிருந்தோ உருட்டிக்கிட்டு வந்தானுங்க. காளியன் கிணத்துல இறைச்சு இறைச்சுத் தொட்டியை ரொப்பினான். ஆறாவது பாரம் பூரா வரிசையா நின்னுச்சு. மத்த வாத்தியாருங்க மூக்கைப் பொத்திக்கிட்டு வெராண்டாவுல நின்னாங்க. ஹெட்மாஸ்டரே வர்றதைப் பார்த்ததும் ஒவ்வொருத்தரா இறங்கி வரிசைக்கு வந்தாங்க. மொத உருண்டை சார்துன்னு பசங்க ஒதுங்கி வழி விட்டானுங்க. கேலியில்லை, மரியாதையாத்தான் விட்டானுங்க. வழக்கம்னா வழக்கம்.

அந்த நேரம் பார்த்து காளியனோட அப்பன் தீர்த்தகிரி வந்து சேர்ந்தார். தோள்ல சாமை மூட்டை, தலையில துண்டு. மகனை வெளிய தள்ளப் போறாங்கன்னு கீழ சந்தையிலயே யாரோ சொல்லியிருக்காங்க. மூட்டையை இறக்கி வெச்சுட்டு தொட்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. துண்டை அவுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, வரிசையில கடைசி ஆளா போய் நின்னார்.

ஹெட்மாஸ்டர் கோட்டைக் கழட்டி வீரன் கையில கொடுத்தார். கொடுக்கறதுக்கு முன்னாடி அதோட பைக்குள்ள கையை விட்டு எதையோ எடுத்து மடியில செருகினதை நான் பார்த்தேன். தட்டிக்குப் பின்னாடி போனார். ரொம்ப நேரம் ஆளைக் காணோம். வெளிய வந்தப்போ ரெண்டு கையிலயும் ஒரு உருண்டையைத் தாங்கிக்கிட்டு வந்தார். பெரிய உருண்டை. தண்ணி தொட்டுப் பிடிக்கத் தெரியலை மனுஷனுக்கு, நடுவுல பொளந்துக்கிட்டு வந்துச்சு. தொட்டிக்கிட்ட வர்றதுக்குள்ள வெடிப்புல இருந்து வாழை இலை ஓரமும், அதுக்குள்ள இருந்து வெள்ளைத் தாளோட முனையும் எட்டிப் பார்த்துச்சு. பசங்க வரிசை அவர் முதுகுப் பக்கம். தொட்டிக்கிட்ட நின்னது நானும் காளியனும்தான்.

காளியன் குடத்தைக் கீழ வெச்சான். நேரா ஹெட்மாஸ்டர் முன்னாடி போய், அவர் ரெண்டு கையையும் தன் ரெண்டு கைக்குள்ள வாங்கிக்கிட்டான்.

"தண்ணி தொட்டு உருட்டணுங்க சார். இல்லாட்டி வெடிச்சிரும்."

சொல்லிக்கிட்டே கட்டைவிரலால அந்த முனையை உள்ள தள்ளினான். தொட்டித் தண்ணியைத் தொட்டு, வெடிப்பை மூடி, சுத்தி சுத்தி உருட்டி, வழவழன்னு ஆக்கி அவர் கையிலயே திருப்பிக் கொடுத்தான். சாருக்கு உருண்டை பிடிக்கத் தெரியலைன்னு பின்னாடி பசங்க சிரிச்சானுங்க. ஹெட்மாஸ்டர் சிரிக்கலை. காளியன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே உருண்டையைத் தண்ணியில விட்டார். அவர் கண்ணாடிக்குள்ள தண்ணி கோத்துக்கிட்டிருந்துச்சு.

அப்புறம் வரிசையா எல்லாரும் போட்டோம். நானும் போட்டேன், ரெண்டு நாள் கையில வாடை போகலை. கடைசியா தீர்த்தகிரி போட்டார். மாது ஒரு கொம்பை எடுத்துக் கலக்கித் தொட்டியைச் சாய்ச்சான். அடியில இலைப்பொட்டலம் இருந்துச்சு. இருக்குன்னு ஒரு கூச்சல் எழும்பிச்சு, அவ்வளவுதான். யார் எடுத்திருப்பான்னு ஒருத்தன் வாயில இருந்தும் வரலை. படிங்க டீச்சர், இப்பவே படிங்கன்னு சுத்தி உக்காந்துட்டானுங்க. ஓரமெல்லாம் நனைஞ்சு மஞ்சளா ஆன தாளை விரல் நுனியில பிடிச்சுக்கிட்டு, கிணத்தடியிலயே கடைசி அத்தியாயத்தைப் படிச்சேன். ஜட்ஜ்தான். ஜட்ஜ்னு வாசிச்சதும் மாது காளியன் முதுகுல போட்டான் ஒண்ணு. தீர்த்தகிரிக்கு ஒரு எழுத்தும் புரியலை, ஆனா எல்லாரும் மகனைத் தட்டிக் கொடுக்கிறதைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு நின்னார். டி.சி.ங்கிற பேச்சை ஹெட்மாஸ்டர் ப்ரேயர்ல எல்லார் முன்னாடியும் திரும்ப வாங்கிக்கிட்டார்.

கூட்டம் கலைஞ்சதும் காளியன் தொட்டியைக் கழுவிக்கிட்டிருந்தான். நான் போய்ப் பக்கத்துல நின்னேன். எனக்குத் தெரிஞ்சாகணும். அன்னிக்குச் சாயங்காலம் சார் அலமாரியைத் திறந்ததை இவன் பார்த்தானா? பார்த்துக்கிட்டுத்தான், டி.சி. கைக்கு வர்ற வரைக்கும் வாயைத் திறக்காம இருந்தானா? ஜட்ஜுன்னு அவன் சொன்னது கதையில வர்ற ஜட்ஜையா, தடுப்புக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவரையா? இல்லை, எதுவுமே தெரியாம, அந்த முனையைப் பார்த்த நொடியிலதான் மூடினானா? எல்லாத்தையும் கொட்டிக் கேட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், மாதா மேல சத்தியம், எனக்கு மட்டும் சொல்லுடான்னேன்.

அவன் கழுவறதை நிறுத்தலை. ஒரு வாட்டி யோசிச்சான். தூரத்துல சாமை மூட்டையைத் தூக்கிக்கிட்டிருந்த அவங்கப்பனைப் பார்த்தான்.

"நான் வாயைத் திறந்தா, எங்கப்பன் போட்ட உருண்டைக்கு என்னங்க டீச்சர் அர்த்தம்?"

தொட்டியைக் கவுத்து வெச்சான். திங்கக்கிழமை வகுப்புக்கு வந்திடறேனுங்கன்னு சொல்லிட்டு, மூட்டையோட ஒரு பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்பன் கூட சந்தைக்குப் போனான்.